குளித்துவிட்டு முழுகச் சொன்ன ஹன்னா அக்கா

ஹன்னா அக்கா போய்விட்டார் என்று அவருடைய மகள் ஞாயிறு காலை போன் எடுத்துச் சொன்னார். அன்றைக்கே அடக்கமும் முடிந்தது. யூதர்கள் அதில் சுணங்குவதில்லை.

லண்டனில், ஹென்டனில் மிக்வா என்று அவர்கள் சொல்லும் முழுக்குக் குளத்துக்கு அவர்தான் பொறுப்பு. நான் அங்கே துப்புரவு வேலை. மாதவிலக்கு நின்று, ஏழு நாள் சுத்தமாக எண்ணி, அங்கே முழுகிய பிறகுதான் மனைவிமார் கணவனோடு மறுபடி சேர்வார்கள். எனக்கு இதெல்லாம் தெரியாது. முதல் நாளே குளத்துக் கரையில் சோப்பு வைத்துவிட்டேன்.

அக்கா சிரித்தார். அவர் பேசியது இங்கிலீஷ். என் காதில் நிற்பது எங்கள் தமிழ்தான்.

"சோப்பு, சீப்பு, நகம் வெட்டுறது எல்லாம் குளியலறையோட சரி, பிள்ளை. மோதிரமும் கழட்டவேணும். ஊத்தையோட ஒருத்தரும் இதுக்குள்ள இறங்கிறேல்லை."

"அப்ப தண்ணி என்னத்துக்கு?"

"கடவுள் சொன்னவர், இறங்கிறம்."

போன மாரியில் ஒரு பின்னேரம் ஓர் இளம்பெண் வாசலில் நின்று அழுதார். கலியாணமாகிக் கன காலம், பிள்ளை இல்லை. எண்ணி முடிக்குமுன் ஏதாவது கறை கண்டு, மறுபடி முதலில் இருந்து எண்ணுவார். பிள்ளை தங்குகிற நாள்கள் அதற்குள் போய்விடும்.

"எண்ணினது முறிஞ்சுது எண்டு ஆர் சொன்னது?" என்று அக்கா கேட்டார்.

"நான்தான்."

"நீர் எப்ப ரப்பியா வந்தனீர்?"

ரப்பி என்றால் அவர்களுடைய மதகுரு. அழுதவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"எல்லாக் கறையும் முறிக்காது. கறை பட்ட துணியைக் கவருக்குள்ள போட்டுத் தாரும், நான் ரப்பியிட்டக் குடுக்கிறன். உம்மட பேர் அவருக்குத் தேவையில்லை. டொக்டரிட்டயும் ஒருக்காக் காட்டும்."

ரப்பி பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றார். அந்தப் பெண் குறித்த நாளிலேயே வந்து முழுகினார். அடுத்த மாதங்களிலும் தானே முடிவெடுக்காமல் கேட்டுக் கேட்டு வந்தார். பிறகு வரவில்லை.

அதற்குள் அக்கா ஆஸ்பத்திரியில். பார்க்கப் போகும்போதெல்லாம் அதே கேள்வி.

"அந்தப் பிள்ளை வாறாவோ?"

"இல்லை, அக்கா."

"நல்லதுக்கோ, மனம் விட்டுட்டாவோ தெரியேல்லை. போன் எடுத்துக் கேளாதையும். அது முறையில்லை."

நேற்று துக்க வீட்டுக்குப் போனேன். துக்கம் காக்கும் அவர்கள் வழக்கப்படி மகள் தாழ்ந்த கதிரையில் இருந்தார். எனக்குப் பின்னால் வந்த அந்தப் பெண் கோட்டைக் கழற்றினார். வயிறு நன்றாகத் தெரிந்தது.

அக்கா, பெண் கர்ப்பமாக இருந்தால் யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஒரு சொல் சொல்வோம். உங்கள் வேலைக்கே பொருந்திய சொல். உங்களுக்குச் சொல்லித்தர எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது கேளுங்கோ: அந்தப் பிள்ளை முழுகாமல் இருக்கிறா. நிம்மதியாகப் போய் வாருங்கோ.