தலைவர் கேட்ட கேள்வி

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் புதிய வகுப்பறை திறக்கக் கட்சித் தலைவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கு என்றார்கள். ஐந்தே முக்காலுக்கு வந்தார். நான் அப்போது ஆறாம் வகுப்பு. மேடைக்கு எதிரே இரண்டாவது வரிசையில், மண்ணில் உட்கார்ந்திருந்தேன்.

அவரை எங்கள் ஊர் சேவுகம்பட்டிப் பக்கம் அழைத்து வர மூன்று மாதம் அலைந்தவர் எங்கள் அப்பா. கட்சியின் கிளைச் செயலாளர். அக்கா கட்டிக் கொடுத்த சம்பங்கி மாலையோடு மேடை ஓரத்தில் நின்றிருந்தார். எட்டாம் வகுப்பில் முதலாவதாக வந்த அக்காவை அவர் அந்த ஜூன் மாதம்தான் படிப்பிலிருந்து நிறுத்தியிருந்தார். எங்கள் தோட்டத்து ஏழு வரிசை மல்லிகையின் மொட்டை வெயில் ஏறுவதற்குள் பறித்து நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு அனுப்ப வேண்டும். அக்காவின் விரல் வேகம் எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் கிடையாது. திங்கட்கிழமையும் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று பள்ளியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்கா பக்கத்து வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களை இரவல் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் நிதானமாகப் பேசினார். “நான் அஞ்சாவதோட நின்னவன். எவரோ எழுதுன தாளை எவரோ படிச்சுச் சொல்றாக, நான் தலையாட்டிட்டுக் கையெழுத்துப் போடுறேன். சரியாத்தான் படிச்சாரான்னு நெனச்சா அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு எறங்காது. அந்தச் சந்தேகம் ஒங்களுக்கு வேணாம் கண்ணுகளா.”

பிறகு கூட்டத்தைப் பார்த்து, “ஒங்க வீட்டுல படிப்ப நிறுத்துன பிள்ளை இருக்கா? யாரு நிறுத்துனது?” என்று கேட்டுவிட்டுச் சற்று நிறுத்தினார். மேடையில் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியாது. வகுப்பில் விடை தெரிந்தவன் கையைத் தூக்க வேண்டும். தூக்கினேன்.

“சொல்லு அப்பு.”

“எங்க அக்கா இருக்கு சார். எங்க அப்பாதான் நிறுத்துனாரு.”

“அப்பா எங்க இருக்காரு?”

மாலையோடு நின்றவரைக் காட்டினேன். கூட்டம் சிரித்ததில் ஒலிபெருக்கி கூட அடங்கிப்போனது. “செயலாளரே, மாலை கனக்குதா?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்.

போட்ட மாலையைப் போட்டவர் கழுத்துக்கே திருப்புவது எங்கள் பக்கத்து மேடை வழக்கம். அப்பா போட்டதும் தலைவர் அதைக் கழற்றி அவருக்கே அணிவித்து, மைக்கில் சொன்னார்: “திங்கக்கிழமை மகளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் போறாருல்ல, அதுக்கு இது.”

வீட்டுக்கு நடக்கையில் அப்பா ஒரே ஒரு முறை வாய் திறந்தார். “ஏலே, அம்புட்டுக் கூட்டத்துல ஒனக்கு மட்டுந்தான் கை இருந்துச்சா?” பிறகு அடியும் இல்லை, திட்டும் இல்லை. அம்மாதான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள்.

திங்கட்கிழமை அக்கா பள்ளிக்கு வந்தாள். அவளைச் சேர்த்துவிட்டவன் நானே என்று ஒரு வாரம் சொல்லித் திரிந்தேன். அன்றிலிருந்து அப்பா காலையில் டீக்கடைக்குப் போகவில்லை. அவர் தினமும் அங்கே உரக்கப் படித்துக் காட்டும் கட்சிப் பேப்பரைப் படிக்க ஆள் இல்லாமல் போனது. நான் எழுந்து பல் துலக்கும் நேரத்தில், முழங்கால் வரை வேட்டி நனைந்து, தோட்டத்துப் பக்கமிருந்து வருவார். என்னால் பட்ட அவமானத்தில் ஊர் கண்ணில் படாமல் சுற்றி வருகிறார் என்று நினைத்து, அவருக்காக மிகவும் வருத்தப்பட்டேன். அக்காவின் ஏழு வரிசை மல்லிகையையும் அவர் பறித்து முடித்துவிட்டு வந்தார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.