வேலியோரம் கொட்டிய உமி

அந்த மாரியில் எங்கள் வட்டக்கச்சி வீட்டுக் கோழிக்கூடு ஒழுகி, தரையில் பரப்பிய உமி சொதசொதவென்று கிடந்தது. இருபது குஞ்சுகளும் இறகைத் தொங்கப்போட்டுக் கொடுகி நடுங்கின. குளிர்தான் என்று நானே முடிவுகட்டி, கூட்டைச் சாக்கால் மூடி, உள்ளே பல்ப் போட்டுவிட்டேன். அடுத்த நாள் ஐந்து செத்துக் கிடந்தன.

பக்கத்து வளவு ராணி வேலியால் எட்டிப் பார்த்தாள். மலையகத்தில் இருந்து வந்து குடியேறியவள்.

"அக்கா, எச்சத்துல ரத்தம் இருக்குங்க. இது ரத்தக் கழிச்சல். உமிய அள்ளி எரிச்சிட்டு, மிருக வைத்தியர்கிட்ட மருந்து வாங்குங்க."

"எனக்குத் தெரியும். நீ உன்ரை வேலையைப் பார்."

தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்தவள் எனக்குப் படிப்பிக்கிறதோ என்ற எரிச்சல். உமியை அள்ளினேன்தான். ஆனால் எரிக்கவில்லை, வேலியோரம் கொட்டினேன். ராணியின் தாய்க்கோழி குஞ்சுகளோடு வந்து அதைக் கிளறியதைக் கண்டேன். அவற்றைக் கலைக்கவில்லை.

ஒரு கிழமை கழிய என்னிடம் ஆறு குஞ்சுகள்தான் மிஞ்சின. அன்று ராணி ஒரு மருந்துப் போத்தலோடு வந்தாள்.

"என் குஞ்சு எல்லாம் போயிருச்சுக்கா. கடைசியும் காலையில செத்துப்போச்சு. மருந்து பாதி மிச்சம் இருக்கு. தண்ணியில கலந்து உங்களுதுக்குக் குடுங்க."

வாங்கித் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். ஆறும் பிழைத்தன. இப்போது முட்டை இடுகின்றன.

ராணிக்கு முட்டை கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் உமியைப் பற்றிச் சொல்லத்தான் வாயெடுக்கிறேன்.

"உங்க கை ராசியான கை அக்கா," என்கிறாள் அவள்.

நான் சிரித்துவிட்டு வந்துவிடுகிறேன்.