கொடி பிடித்த கனகம்

எல்லப்பனும் கனகமும் பிறர் நிலத்தில் கூலிவேலை செய்து பிழைத்தவர்கள். சுங்குவார்சத்திரத்துக்குக் கிழக்கே, நெடுஞ்சாலையை ஒட்டிய சிற்றூர். ஒரே மகள் ஜோதியை வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இருவர்தான். 1991இல், கடலை பிடுங்கி முடிந்து வேலையில்லாமல் இருந்த சமயத்தில், சென்னையிலிருந்து புருஷோத்தமன் வந்தான். பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவன். மாட்டுவண்டியும் லாரியும் ஒரே சாலையில் போனால் லாரிகளின் வேகம் எவ்வளவு குறைகிறது, அவை எங்கே தேங்குகின்றன என்பதுதான் அவன் ஆராய்ச்சி. உதவிக்கு ஆள் வேண்டும் என்றான். இருவரும் சேர்ந்தார்கள்.

வேலை எளிது. சாலையின் குறுக்கே, இடைவெளி விட்டு, சுண்ணாம்பால் இரண்டு கோடுகள். முதல் கோட்டருகே கனகம் சிவப்புக் கொடியை உயர்த்திப் பிடித்திருப்பாள். வண்டியின் முன்சக்கரம் கோட்டைத் தொட்டதும் கொடியை இறக்குவாள். இரண்டாவது கோட்டில் நிற்கும் எல்லப்பன் அதைப் பார்த்து ஸ்டாப்வாட்சை அழுத்துவான். வண்டி தன்னைக் கடக்கும்போது மறுபடி அழுத்துவான். பக்கத்தில் உட்கார்ந்து புருஷோத்தமன் குறித்துக்கொள்வான்.

கனகத்துக்கு அந்த வேலை பிடித்துப்போனது. குனிந்தே பழகிய முதுகுக்கு நிமிர்ந்து நிற்கும் வேலை. மதியம் கஞ்சி குடிக்கும்போது புருஷனைச் சீண்டுவாள்.

"நான் கொடிய எறக்கினாத்தான்யா உன் கையில நேரம் ஓடுது. தெரிஞ்சுக்கோ."

"ஆமாமா, நீதான் பெரிய ஆபீசரு" என்பான் எல்லப்பன்.

அன்று முற்பகல் வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று ஆடி அசைந்து வந்தது. பின்னால் லாரிகள் வரிசையாகத் தேங்கி ஹாரன் அடித்தன. இதைப் பார்க்கத்தானே வந்தோம் என்று புருஷோத்தமன் பரபரப்பானான். ஆனால் சாலையோரப் புளியமரத்துக் கிளை மறைத்ததில் கொடி சரியாகத் தெரியவில்லை. எல்லப்பன் தோள்துண்டை எடுத்து வீசி, முன்னால் வரும்படி சைகை காட்டினான். கனகம் மர நிழலை விட்டுச் சாலை ஓரத்துக்கு வந்து கொடியை உயர்த்தினாள்.

வரிசையில் பொறுமையிழந்த ஒரு லாரி வலப்பக்கம் ஏறி முந்தியது. எதிரே பேருந்து. லாரி தார்ச்சாலையை விட்டு வலப்பக்க மண்ணில் இறங்கியது. புழுதி எழுந்தது.

கொடி கீழே போனது. பழக்கத்தில் எல்லப்பனின் விரல் கடிகாரத்தை அழுத்தியது. லாரி வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றான். வரவில்லை. வைக்கோல் வண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு கத்தியபோதுதான் அவன் ஓடினான்.

காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, சாலையில் கைகாட்டி நிறுத்திய ஒரு காரின் பின் இருக்கையில், அவன் மடியில் கனகத்தின் உயிர் போனது.

காரியம் முடிந்து சில நாட்களுக்குப் பிறகு புருஷோத்தமன் வீட்டுக்கு வந்தான். தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தான் சார் முன்னால வரச் சொன்னேன்" என்றான் எல்லப்பன். "துண்ட ஆட்டினேன். அது பாட்டுக்கு நெழல்ல நின்னுகினு இருந்துது."

"கோடு போட்ட இடம் நான் பார்த்தது எல்லப்பன். மரம் மறைக்கும்னு எனக்குத் தோணல."

ஜோதி இருவருக்கும் தண்ணீர் வைத்தாள். யாரும் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு புருஷோத்தமன் யாரையும் சாலையில் நிறுத்தவில்லை. இரண்டு கோடுகளும் ஒன்றாகத் தெரியும்படி, சற்றுத் தள்ளியிருந்த ஓர் அரிசி ஆலை மாடியில் இடம் பிடித்தான். வீட்டிலேயே சுருண்டு கிடக்கிறாரே என்று எல்லப்பனையும் கூப்பிட்டான். எல்லப்பன் போனான். கடிகாரத்தை வாங்கிக்கொண்டான். ஒரு லாரி முதல் கோட்டைத் தாண்டியது. இன்னொன்றும் தாண்டியது. அவன் விரல் அசையவில்லை.

"என்னாச்சு எல்லப்பன்?"

"கொடி எறங்கட்டும்னு பாத்துகினு கீறேன் சார்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. கடிகாரத்தைச் சுவர்மேல் வைத்துவிட்டு, அந்த வெயிலில் குந்தி, வாய்விட்டு அழுதான். கனகம் செத்த நாளில்கூட அவன் அப்படி அழவில்லை.

புருஷோத்தமன் படிப்பை முடித்தான். மாட்டுவண்டிகளுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் சாலையோரம் தனிப்பாதை வேண்டும் என்று தன் ஆய்வில் எழுதினான். அதைச் சொல்ல ஒருமுறை வந்தான். எல்லப்பன் கேட்டுக்கொண்டான். "நல்லது சார்" என்றான். தனிப்பாதை வரவில்லை.

எல்லப்பன் மறுபடி கூலிவேலைக்குப் போனான். மகளைப் பார்க்கக் கிளம்பினால், ஊர் வாசலில் நிற்கும் பேருந்தில் ஏறாமல் சத்திரம்வரை நடந்துபோய், அங்கேதான் வாலாஜாபாத் வண்டி பிடிப்பான். வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்பவனைப் பார்த்து ஜோதி ஒருநாள் கோபித்துக்கொண்டாள்.

"வூட்டாண்டையே பஸ்சு வருது. ஏறி வந்தா இன்னாப்பா?"

"பஸ்சுல குந்தினா அந்த எடத்த கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள தாண்டிடுதும்மா. எனக்கு மனசு ஆவல."

ஜோதி பிறகு கேட்கவில்லை. அப்பா வருகிற நாட்களில் சோற்றைச் சற்றுத் தாமதமாக வடித்தாள்.