வேண்டாத கடிதங்களும் ஒரு பசார் சீட்டும்

எங்கள் அடுக்குமாடியின் தரைத்தளத்தில் வரிசையாகத் தபால் பெட்டிகள் இருக்கின்றன. மற்ற வீட்டுக்காரர்கள் தங்கள் பெட்டியைத் திறந்து, அத்தனை தாளையும் அப்படியே பக்கத்துக் குப்பைத் தொட்டியில் போடுவார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். பேரங்காடி விளம்பரம், தண்ணீர் வடிகட்டி, டியூஷன் வகுப்பு, கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிற கடிதம், எல்லாவற்றையும் வாரிக்கொண்டு மேலே வருவேன்.

வழவழப்பான தாளில் பெட்டி மடிப்பேன். இறால் தோல், மீன் முள், வெங்காயச் சருகு எல்லாம் அதில் போட்டுச் சுருட்டி எறியலாம். கீழ்வீட்டு அக்காவுக்கும் வாரம் பத்துப் பெட்டி போகும். கடித உறையைப் பிரித்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டினால் வெந்தயம் கடுகு போட்டுவைக்க ஆகும். கரண்டி டிராயருக்கு விரிப்பு, ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டு, எல்லாம் தபாலில் வந்ததுதான். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தாள் கிடைத்துவிட்டால் எனக்குக் கொண்டாட்டம். அதன் வெள்ளைப் பக்கம் தெரியும்படி ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டி, தீர்ந்துபோன சாமான்களை எழுதிக்கொண்டே வருவேன். ஞாயிறு காலையில் என் கணவர் அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பசாருக்குப் போவார். வாங்கியதை அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து மாட்டுவார். இடம் தீரும்வரை அதே தாள்தான்.

கடிதங்களைப் பிரிப்பதில் எனக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. மேலே பெரிய எழுத்தில் 'தவாரான்' என்றிருந்தால் அதற்குமேல் படிக்க மாட்டேன். மலாயில் சலுகை என்று பொருள். கோழிக்குத் தவாரான், சலவைத்தூளுக்குத் தவாரான், கண்ணாடிக் கடையில் தவாரான். எவ்வளவுதான் படிப்பது?

ஒரு வியாழக்கிழமை மாலை கணவர் வேலையிலிருந்து வந்து, காலுறையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். கடலுக்கு அக்கரையில், பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். தினமும் கடல்மேல் கட்டிய இரண்டாம் பாலத்தைக் கடந்து போய்வருகிற அலுப்பில், அரசாங்கம் அங்கே கட்டுகிற மலிவு வீடு ஒன்றுக்கு ஆறு வருஷத்துக்கு முன்பே மனுப் போட்டிருந்தார்.

"கூட வேல செய்றவனுக்கு வீடு கெடச்சிருச்சு. நான் ஆபீசுக்குப் போன் போட்டேன். நமக்கும் சூராட் அனுப்பி மூனு வாரம் ஆச்சாம். பதில் குடுக்க திங்கக்கெழமதான் கடைசி."

"அப்படி ஒன்னும் வரலையேங்க."

"மேல சூராட் தவாரான்னு போட்டிருக்குமாம்."

சூராட் என்றால் கடிதம்; தவாரான் சலுகைக்கு மட்டும் இல்லை. வீடு தருகிறோம், வேலை தருகிறோம் என்று சொல்வதற்கும் அதே சொல்தான். இது எனக்குத் தெரியாததும் இல்லை. இங்கே பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தபோது வந்ததும் ஒரு சூராட் தவாரான்தான். தெரிந்த சொல் எப்படி மறந்தது என்று எனக்கே விளங்கவில்லை.

அன்றிரவே டிராயர் விரிப்பை உருவினேன். மேசைக் காலுக்கு முட்டாக வைத்ததைப் பிரித்தேன். மறுநாள் கீழ்வீட்டு அக்காவிடம் போய் நான் கொடுத்த பெட்டிகளைக் கேட்டேன்.

"என்னாடி இது, குப்பையத் திருப்பிக் கேக்க வந்துட்டே!" என்று சிரித்தவர், அடுக்கி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். படிக்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரித்தேன். கோழி, சலவைத்தூள், மூக்குக்கண்ணாடி. வீடு இல்லை.

தேடிக்கொண்டிருக்கும்போதே, கிடைக்காமல் போனால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கே தொழிற்சாலை பஸ் வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்கிறது. பசாருக்கும் கிளினிக்குக்கும் நடந்தே போகிறேன். பத்து காவானில் ஒரு தேங்காய் வாங்கக்கூடக் கார் வேண்டும். எனக்கு ஓட்டத் தெரியாது. இதையெல்லாம் ஒருநாளும் அவரிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சனிக்கிழமை காலை டீ போடப் போனேன். பால் மாவு தீர்ந்திருந்தது. சீட்டில் எழுத இடமில்லை. வேறு தாள் மாட்டலாம் என்று காந்தத்தை எடுத்ததும் சீட்டு நழுவி விழுந்து, தரையில் மறுபக்கம் காட்டிக் கிடந்தது. சூராட் தவாரான். அவர் பெயர், அவர் அடையாள அட்டை எண். இத்தனை நாளும் என் முகத்துக்கு நேராகத் தொங்கியிருக்கிறது.

"ஏங்க, கெடச்சிருச்சு!" என்று கத்தினேன்.

அவர் வந்து பார்த்தார். ஆச்சரியமே படவில்லை.

"தெரியும். மொத ஞாயிறே மீன் கடையில நின்னுக்கிட்டுத் திருப்பிப் பாத்தேன்."

"அப்புறம் போன் போட்டேன்னு சொன்னது?"

"சும்மா சொன்னேன். நீ படிச்சிட்டுத்தான் அது பின்னால கத்திரிக்கா கருவாடுன்னு எழுதி மாட்டிருக்கேன்னு நெனச்சேன். வர இஷ்டமில்லன்னு இப்படிச் சொல்றியோன்னு. நீயா வாயத் தொறப்பேன்னு பாத்தேன்லா. நாள்தான் ஓடுது."

"ரெண்டு நாளா மீன் முள்ளுப் பெட்டியெல்லாம் பிரிச்சிக்கிட்டுக் கெடக்கேன், பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"எல்லாத்தையும் பிரிச்சே. இத மட்டும் திருப்பலையே."

"படிக்கலைங்க," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். ஆனால் பெரிய எழுத்துக்குக் கீழே அவர் பெயர் இருந்ததே, அது என் கண்ணில் படவே இல்லையா? எத்தனை முறை யோசித்தாலும் அந்த இடத்தில் எனக்கு ஞாபகம் அறுந்துபோகிறது.

திங்கட்கிழமை இரண்டு பேரும் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வீடமைப்பு அலுவலகத்துக்குப் போனோம். கடிதத்தின் அடியில் இரண்டு கட்டங்கள். ஏற்கிறேன், மறுக்கிறேன். கணவன் கையெழுத்து, மனைவி கையெழுத்து. முகப்பில் இருந்த மலாய்ப் பெண் தாளைத் திருப்பி, என் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டாள்.

"அது என் மனைவியோட பதில்," என்று இவர் மலாயில் சொன்னார். அந்தப் பெண் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை.

கட்டங்கள் இரண்டும் காலியாகவே இருந்தன. பேனாவை என்னிடம் நீட்டி, "வர்றியா?" என்றார்.

மனுப் போட்டு இந்த ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது, எதற்கென்று புரியவில்லை. தெரியல என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "வர்றேன்" என்று வந்துவிட்டது.