குழிக்கு ரெண்டு கூடை

ஒன்பது கத்தரி நாற்றும் ஒரே வாரத்தில் கருகித் தலை சாய்ந்து கிடந்த காலையில், எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் கையில் டீ டம்ளரோடு நின்று சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. மனுஷன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

காரைக்குடியில் எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் கருவேலஞ்செடி மண்டிக் கிடந்த செம்மண் தரையைச் சுத்தம் செய்து, ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக் காய்கறி போடச் சொன்னது அவர்தான். அந்த நன்றியை நான் மறுக்கவில்லை. பன்னிரண்டடி நீளம், பன்னிரண்டடி அகலம். பொங்கலுக்குள் பச்சை தெரியாத துண்டு வண்டி நிறுத்தும் இடமாகிவிடும் என்றும் சொல்லியிருந்தார். மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு. எனக்கு அப்படியில்லை. பிறந்தது அப்பா வீடு, வாழ்வது கணவர் வீடு. நாற்பத்திரண்டு வயதில், இது உன்னுடையது, இதில் நீ நினைத்ததைச் செய்துகொள் என்று எனக்குக் கிடைத்த முதல் தரை அதுதான். கணினித் தாளில் கட்டம் போட்டு, கத்தரிக்கு ஊதாவும் மிளகாய்க்குச் சிவப்புமாக வண்ணம் தீட்டி வைத்திருந்தேன். மகள் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் மார்க் போடுவார்களா என்று கேட்டாள். விதைக்கடைக்காரரை நச்சரித்தேன். மண்வெட்டியைப் பிடிக்கத் தெரியாமல் உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. அதைக்கூட ஆசையாகத்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

எரு எவ்வளவு போட வேண்டும் என்று அவரிடம்தான் கேட்டேன். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "குழிக்கு ரெண்டு கூடை போடுங்கம்மா, போதும்" என்றார். நான் ஒன்பது குழி வெட்டினேன். பால்காரர் வீட்டுத் தொழுவத்திலிருந்து சூடு ஆறாத சாணத்தைப் பதினெட்டுக் கூடை சுமந்து வந்து, குழிக்கு இரண்டு கூடையாகத் தள்ளி, மேலே மண்ணைப் போட்டு நாற்றை நட்டேன். மூன்று சாயங்காலம் இடுப்பு ஒடிந்தது. அந்த மூன்று சாயங்காலமும் அவர் அந்த வழியாகத்தான் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

நாற்று செத்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. குழி என்பது நில அளவு. என்னுடைய துண்டு முழுவதும் சேர்ந்தே ஒரு குழிதான். அதற்கு மக்கிய எரு இரண்டு கூடை போதும். நான் கொட்டிய பச்சைச் சாணத்தின் சூடுதான் வேரைக் கருக்கியிருந்தது. எல்லோரும் கூடி நிற்க, அவர் இப்படிச் சொன்னார்: "கல்லல் பக்கம் நெலபொலம் உள்ள வீட்டுப் பொண்ணு. குழின்னா தெரியாதாம்மா ஒங்களுக்கு?"

அப்படியானால் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, பார்த்துக்கொண்டுதானே போனீர்கள் என்று கேட்டேன்.

"பாத்தேன். கேப்பீகன்னு நெனச்சேன்" என்றார்.

என்ன கேட்பது? தெரியாது என்பதே தெரியாதவள் எதைக் கேட்பாள்? ஒருத்தி கண்ணெதிரே முதுகு வளைந்து தப்பாகச் சுமக்கிறாள். வண்டியை நிறுத்தி ஒரு வார்த்தை சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? அவர் கெட்டவர் இல்லை என்று இப்போதும் சிலர் சொல்கிறார்கள். கெட்டவர் இல்லைதான். தனக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாமல் இருப்பதை வேடிக்கை பார்ப்பதில் அவருக்கு ஒரு சுகம். அந்தச் சுகத்தை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை.

ஆனால் அவர் கேட்ட கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. நிலமுள்ள வீட்டில் பிறந்த எனக்கு ஏன் குழி தெரியவில்லை? அண்ணன்மார் இருவருக்கும் பத்து வயதிலேயே தெரியும். அப்பா அவர்களை வரப்பில் நடக்க வைத்து அளவு சொல்லிக் கொடுத்தார். என்னை வெயிலில் கறுத்துப் போவாய் என்று வீட்டோடு நிறுத்தினார். பெரிய அண்ணனுக்குப் போன் போட்டு, நம் நிலம் எத்தனை குழி என்று கேட்டேன். அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

"அதெல்லாம் ஒனக்கு எதுக்கு ஆத்தா?"

போனை வைத்துவிட்டுப் பீரோவைத் திறந்தேன். அப்பா இறந்த மறு வருஷம், ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்று அண்ணன்மார் கூப்பிட்டதால் பத்திர அலுவலகத்துக்குப் போய்ப் போட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்திருந்தேன். அந்த விடுதலைப் பத்திரத்தின் நகலை முதல் முறையாகப் படித்தேன். என் பாகம் உள்ளூர் அளவில் இருநூற்றுப் பத்துக் குழி என்றும், அதை மனப்பூர்வமாக விட்டுக் கொடுத்துவிட்டேன் என்றும் எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து, அழகாக. அந்த அழகைப் பார்த்துத்தான் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. குழி என்றால் என்னவென்று தெரியாதவளிடம் குழியை எழுதி வாங்கியிருக்கிறார்கள். அவர்களாவது சொல்லியிருக்கலாம். நானாவது கேட்டிருக்கலாம்.

மறுநாளே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஒன்பது குழியையும் தோண்டி, சாணத்தை அள்ளி மூலையில் குவித்து மக்கப் போட்டேன். அது மக்கும் வரை பொறுக்காமல், மக்கிய எரு இரண்டே கூடை கேட்டு வாங்கிப் பரப்பி, புது நாற்று நட்டேன். கண்காணிப்பாளர் அருகில் வந்து ஏதோ யோசனை சொல்ல ஆரம்பித்தார். நான் நிமிரவில்லை. பொங்கலுக்கு முன்னால் செடி பிஞ்சு விட்டது. துண்டு என்னிடமே நின்றது, இன்றைக்கும் நிற்கிறது.

சென்ற மாதம் பெரிய அண்ணன் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். சாப்பிட உட்கார வைத்தேன். கத்தரிக்காய்க் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, "காயி நம்ம ஊருக் காயி மாதிரி இருக்கு. எங்க வாங்குன ஆத்தா?" என்றார்.

"வாங்கலண்ணே. எங்கிட்ட ஒரு குழி இருக்கு, அதுல காச்சது" என்றேன். "எம் பாகம் எரநூத்திப் பத்துக் குழியில நீங்க என்ன போட்டிருக்கீக?"

பிசைந்துகொண்டிருந்த கை சோற்றிலேயே நின்றது. அவர் பதில் சொல்லும் வரை நான் கரண்டியோடு அங்கேயே நின்றேன்.