கல் சுமக்காத ஆண்டு விழா

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். நீங்களும் நம்பப் போவதில்லை, தெரியும். பாதியில் சிரிக்காமல் இருந்தால் போதும், ஏனென்றால் இதில் பயத்தைவிட எனக்கு வெட்கம்தான் அதிகம்.

நாகலூர் பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் மெதடிஸ்ட் கோயில். இடம் கொடுத்தது ஒரு துரை, கட்டியதென்னவோ எஸ்டேட் கூலி ஜனங்கள்தான். வேலை முடிந்ததும் கீழே ஓடையிலிருந்து செம்மண் ஒழுக ஒழுகக் கல் சுமந்து மேலேற்றியிருக்கிறார்கள். எங்கள் பாட்டனைப் பெற்ற அன்னம்மாள் அவரை வயிற்றில் வைத்துக்கொண்டே சுமந்தாளாம். அதனால் ஆண்டு விழா அன்று, கல் சுமந்த குடும்பங்களிலிருந்து வீட்டுக்கொருவர் சும்மாடு வைத்து, ஓடைக்கல் ஒன்றைத் தலையில் ஏற்றிக் கோயிலைச் சுற்றி வந்து மதிலோரம் இறக்குவது எங்கள் சபை வழக்கம். எங்கள் வீட்டுக்கு வருஷா வருஷம் நான்தான் சுமப்பேன்.

போன வருஷம் மகளுக்குச் சேலத்தில் பெரிய இடத்துச் சம்பந்தம் கூடி வந்தது. என் வாய் சும்மா இருந்ததா? "நாங்க துரை காலத்துலயே எஸ்டேட்ல கணக்கெழுதுற ரைட்டர் குடும்பமுங்க" என்று அளந்துவிட்டேன். அவர்களோ ஆண்டு விழாவுக்கே கிளம்பி வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள். கூலிக்காரக் குடும்பம் என்று தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடுமே என்று எனக்கு உதறல். மகளிடம், "கண்ணு, கல்லு விசயத்துல மட்டும் வாயத் தொறக்காத சாமி" என்று கும்பிடாத குறையாகச் சொன்னேன்.

கல் சுமக்காமல் தப்பிக்க, சபை வரலாறு வாசிக்கும் வேலையைப் போதகரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெளியே பனியில் மற்றவர்கள் கல்லோடு சுற்ற, நான் உள்ளே மைக் முன்னால். துரை பேரைப் படித்தேன், முதல் போதகர் பேரைப் படித்தேன், கல் சுமந்த வீடுகளைப் படிக்கையில் அன்னம்மாள் பேரை மட்டும் தாண்டினேன் பாருங்கள், சத்தியமாகச் சொல்கிறேன், உச்சந்தலையில் ஏதோ இறங்கி உட்கார்ந்தது. கை வைத்தால் ஒன்றும் இல்லை. ஆனால் கழுத்து அமுங்குகிறது, மூச்சு வாங்குகிறது, எப்படி முடித்து இறங்கினேனோ ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். சபையார் ஒருவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

சம்பந்தியம்மா என்னையே பார்த்தார். "ஏனுங்க, தலையெல்லாம் செம்மண்ணுத் தண்ணியா வடியுதுங்களே?"

தடவிப் பார்த்தேன். காதோரம் வழிந்து வெள்ளைச் சட்டைக் காலர் வரை ஈரச் செம்மண்.

"கூரை ஒழுகுதுங்க."

அவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அன்று மழையே இல்லை. கூனிக்குறுகிப் போனேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. செம்மண்தான் நிற்கவில்லை, இன்றைக்கும் தலை சீவினால் சீப்பில் வருகிறது. டாக்டர் பொடுகு என்கிறார். சிவப்பாகப் பொடுகு உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

போன வாரம் மகள் போன் பண்ணினாள். மாசமாக இருக்கிறாள்.

"அப்பா, உச்சி நொம்ப பாரமா இருக்குதுங்க. சீப்புல செம்மண்ணு வருது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நானாச்சும் இங்க சொல்லிரட்டுங்களா?"

"அந்த ஊருத் தண்ணி சரியில்ல கண்ணு, நல்லா அலசிக் குளி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.