முதலாளி அனுப்பிய பேக்போன்

இன்று மதியம், சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக்கடை. எதிரே உட்கார்ந்திருந்த கட்டுமான ஊழியர் தயங்கித் தயங்கித் தன் போனை என்னிடம் நீட்டினார்.

"அக்கா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா? முதலாளி அனுப்பினது. ஊருக்கு அனுப்பிடுவாரோன்னு பயமா இருக்கு."

"யூ ஆர் த பேக்போன் ஆஃப் மை சைட்" என்றிருந்தது.

"பேக்போன்னா முதுகெலும்புதானே? ஒரு வாரமா முதுகு வலிக்குதுக்கா. யார்கிட்டயும் சொல்லல. இவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பள்ளியில் ஆங்கிலம் சொல்லித் தருபவள் நான். எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

"இது உருவகம் லா, தம்பி. அந்த சைட்டே உங்களாலதான் நிக்குதுன்னு பாராட்டுறார்."

இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் தோசையில் கை வைத்தார்.

"ஆனா டாக்டரைப் பாருங்க. வலியை மறைக்காதீங்க," என்றேன்.

சற்று யோசித்தார். முதலாளிக்கு அவரே ஆங்கிலத்தில் பதில் தட்டி, அனுப்பிவிட்டு என்னிடம் காட்டினார்:

"தேங்க்யூ சார். பேக்போன் நீட்ஸ் டூ டேஸ் லீவ்."

காப்பி வருவதற்குள் முதலாளியிடமிருந்து சிரிப்பு இமோஜியோடு லீவு வந்துவிட்டது.

என் வகுப்பில் இதற்கு முழு மதிப்பெண். நீங்கள் எவ்வளவு போடுவீர்கள்?